அத்தைக்கு லாடம் இறக்கிய நாள்

லாடக்காரர்களிடம் மூன்று சொல் உண்டு. குதிரைக்கு லாடம் போடுவதை 'அடிக்கிறது' என்பார்கள். தேய்ந்த லாடத்தை எடுத்துவிட்டுப் புதுசு போடுவதற்காக எடுத்தால் அது 'கழட்டுறது'. மூன்றாவது சொல்லை அவ்வளவு லேசில் வாயில் எடுக்க மாட்டார்கள். அது 'இறக்குறது'. இந்தக் குதிரை உழைத்தது போதும், இனி இதன் காலில் இரும்பு ஏற வேண்டாம் என்று முடிவு செய்து கடைசியாக ஒரு தடவை எடுக்கிறார்களே, அதுதான் லாடம் இறக்குவது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே வேலைதான். அதே இடுக்கி, அதே சுத்தியல், அதே குனிந்த முதுகு. ஆனால் ஒரு தடவை இறக்கிய காலில் மறுபடி எந்த லாடக்காரரும் ஆணி வைக்க மாட்டார். யார் வந்து கெஞ்சினாலும் வைக்க மாட்டார். அகராதியைப் புரட்டினால் மூட்டை இறக்கலாம், பாரம் இறக்கலாம், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கலாம் என்றெல்லாம் இருக்கும். லாடம் இருக்காது. அகராதி எழுதியவர்கள் யாரும் குதிரையின் பின்னங்கால் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பேசிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் முதல் ஆள், லாடக்காரம்மாவின் வீட்டுக்காரர். அவருக்குச் செருப்புக் கடையில் சேல்ஸ்மேன் வேலை. நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுவார். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "அப்பாடா, லாடத்தை இறக்கியாச்சு" என்றார்.

உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது. "கழட்டியாச்சுன்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில மறுபடி மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போகணும்ல?"

"சரிம்மா. கழட்டியாச்சு."

"இறக்குறேன் பேர்வழின்னு வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடாதீங்க."

அன்றிலிருந்து அவர் சொல்லை மாற்றிக்கொண்டார். புருஷன் மனிதர்களின் காலைப் பிடிக்கிறார், பெண்டாட்டி குதிரைகளின் காலைப் பிடிக்கிறாள், இந்த வீட்டில் யார் காலையும் யாரும் வாரிவிட வழியில்லை என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். இரவில் அவள் முதுகுக்கு அவர் தைலம் தேய்த்துவிடுவார், அவர் முழங்காலுக்கு அவள் தேய்த்துவிடுவாள். ஒரே தைலம்தான்.

லாடக்காரம்மாவுக்கு இந்தத் தொழில் வம்சத் தொழில் ஒன்றும் இல்லை. அவள் அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்தார். வாசல் கேட்டு, ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, இவ்வளவுதான் அங்கே நடந்த வேலை. அப்பாவுக்கு முடியாமல் போனபோது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்த இவள்தான் பகலில் வந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டாள். சுத்தியல் அவள் கைக்கு அப்படிப் பழகியிருந்தது. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு, "ஆம்பளைங்க வந்தா தர்றேன், யாரையும் காணோமே" என்று பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள் காலையில் தெருவோடு ஒரு குதிரை நொண்டிக்கொண்டு வந்தது. அந்தத் தெருவின் கோடியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று உண்டு. லாயத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் குதிரைகள் பட்டறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்தது ஒரு பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கீற்று, முழுசாக வளர்ந்த உடம்பு. பள்ளிக்கு வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வழியில் முன்னங்கால் லாடம் கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டு வந்த லாயக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக வருகிற லாடக்காரர் வெளியூர் போயிருந்தார்.

"இரும்புதானே, இருங்க பாக்கலாம்" என்றாள் இவள். அடுத்த காலில் இருந்த லாடத்தை ஆற அமரப் பார்த்தாள். உலையை மூட்டினாள். ஒன்று செய்தாள், சரியாக வரவில்லை, தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தாள். எந்த இடத்தில் ஆணி இறங்க வேண்டும், எங்கே இறங்கினால் உயிர்ச் சதையில் படும் என்று லாயக்காரர் தெரிந்த அளவு சொன்னார். குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். அந்தக் குதிரை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறும் பெண் சரியாகப் பரிமாறுகிறாளா என்று பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது. வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் அன்றைக்கு ஒரு உதை விட்டிருக்கும், இவளும் அன்றோடு கேட்டும் கம்பியுமாகவே இருந்திருப்பாள். அது நின்றதால் இவள் லாடக்காரம்மா ஆனாள். பழைய லாடக்காரரிடமே போய் முறையாகக் கற்றுக்கொண்டு, சுற்றுவட்டாரத்துக் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடித்தாலும், தன்னை ஆளாக்கியது யார் என்று கேட்டால் அந்தக் குதிரையைத்தான் காட்டுவாள்.

அந்தக் குதிரைக்கு லாயத்தில் வைத்த பெயர் அத்தை. வாங்கும்போது ஏதோ ஸ்டைலான பெயர் இருந்ததாம், யாருக்கும் நினைவில்லை. குட்டிக் குதிரைகள் வரிசை தவறித் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால் காதைப் பின்னால் மடித்து ஒரு முறை முறைக்கும், அவ்வளவுதான், எல்லாம் கப்சிப். புதிதாக ஏற வருகிறவர் கடிவாளத்தைக் கன்னாபின்னாவென்று இழுத்தால் போட்டது போட்டபடி நின்றுவிடும், அவர் கையைத் தளர்த்துகிற வரை ஒரு அடி வைக்காது. இத்தனை கண்டிப்புக்கு அத்தை என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைக்க முடியும்? எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். 'அத்தை சாப்பிட்டாங்களா', 'அத்தை இன்னைக்கு மூட் சரியில்ல' என்று. வீட்டுக்காரர்கூட, "உங்க அத்தை எப்படி இருக்காங்க? என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்று சீண்டுவார்.

தினமும் காலையில் அத்தை தெருவில் வரும்போது பட்டறைக்குள்ளிருந்தே இவளுக்குத் தெரிந்துவிடும். வலது பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிற பழக்கம் அதற்கு. டக், டக், டக், மூன்று காலுக்கு அப்புறம் நாலாவது மட்டும் டொக். பத்துக் குதிரை சேர்ந்து வந்தாலும் அந்த டொக் தனியாகக் கேட்கும். உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். அத்தையும் ஒரு கணம் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போகும். வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவருடைய ஷூவுக்கு ரப்பர் அடி. சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்பார், அவள் திடுக்கிட்டுத் திரும்பி, "எப்ப வந்தீங்க?" என்பாள். தினமும் இதே கேள்வி.

"அத்தை வந்தா தெருமுனையிலேயே தெரிஞ்சிடுது. கட்டின புருஷன் முதுகுக்குப் பின்னாடி நின்னாலும் தெரிய மாட்டேங்குது. எனக்கும் நாலு லாடம் அடிச்சு விட்டுடேன்."

"உங்களுக்கு ரெண்டு போதும்."

இப்படியே இருபது வருஷம் போனது. அத்தைக்கு வயசாகி, வயிறு தொங்கி, நெற்றியின் வெள்ளைக் கீற்றைச் சுற்றி நரையும் சேர்ந்துகொண்டது. ஓட்டமெல்லாம் நிறுத்தி, பயந்த சுபாவக்காரர்களை ஏற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று நடப்பதோடு சரி. கடைசியில் அதுவும் கஷ்டமானது. லாயத்தில் நிற்கும்போது முன்னங்காலில் ஒன்றை முன்னால் நீட்டிப் பாரம் போடாமல் வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலை ஊன்றி மற்றதை நீட்டும். இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி அது நின்று யாரும் பார்க்கவில்லை.

மாட்டு டாக்டர் அல்ல, குதிரைக்கென்றே படித்த டாக்டர் வந்து பார்த்தார். குளம்பின் பின்பக்கம் குறுகிப்போய் உள்ளே நெருக்குகிறது, வயசான குதிரைக்கு வருவதுதான், லாடத்தை எடுத்துவிட்டுப் புல் தரையில் விட்டால் மெல்ல விரிந்து வலி குறையும், எடுக்காவிட்டால் நாள் போகப் போக நடக்கவே முடியாமல் போகும் என்று சொன்னார். பள்ளியின் முதலாளியம்மா நல்ல மனுஷி. அவருடைய அண்ணனுக்கு ஊருக்கு வெளியே பெரிய மேய்ச்சல் நிலம் உண்டு. ஓய்வு பெற்ற குதிரைகள் சில அங்கே காலாறத் திரிகின்றன. அண்ணன் ஒரு இடம் தருவதாகச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. வருகிற குதிரை வெறும் காலோடுதான் வர வேண்டும். அங்கே இருக்கிறவை எல்லாம் லாடம் இல்லாதவை. சண்டையில் இரும்புக் காலால் ஒரு உதை விழுந்தால் இன்னொன்றின் எலும்பு போய்விடும்.

முதலாளியம்மா பட்டறைக்கே வந்து சொன்னார். "லாடக்காரம்மா, நம்ம அத்தைக்கு இறக்கிடுங்க."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் லாடக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சரிம்மா" என்றாள். வேறென்ன சொல்வது?

மறுநாள் போனாள். நாலு காலிலும் லாடத்தைக் கழற்றினாள். கழற்றிவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே நாலு புது லாடம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று செய்து போட்டது. எதற்கும் என்றால் எதற்கு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. லாயக்காரர் பையையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

"அக்கா, இறக்கத்தானே வந்தீங்க?"

"குளம்புச் சுவர் சன்னமா இருக்குப்பா. இப்ப வெறும் கால்ல விட்டா ஓரம் உடைஞ்சிடும். இன்னும் ஒரு தடவை அடிச்சு விடுறேன், கொஞ்சம் வளரட்டும்."

சொன்னது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு வசதியாகப் போயிற்று. லாடம் இறக்கப் போன லாடக்காரம்மா லாடம் அடித்துவிட்டு வந்தாள். ஒன்றரை மாதம் கழித்து அடுத்த முறை வந்தபோது, மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஈரத்தில் வெறும் கால் ஊறிப்போகும் என்றாள். அன்றைக்கு முதலாளியம்மா ஊரில் இல்லை. மறுபடி நாலு லாடம். பல் பிடுங்கப் போய்விட்டுப் பல் விளக்கிக்கொண்டு வருகிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம், அந்தக் கதைதான்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு குதிரையை உழைக்கிற குதிரையாக வைத்திருப்பது அதன் காலில் இருக்கிற இரும்பு. அதைத் தன் கையாலேயே இறக்கிவிட்டால் அப்புறம் திரும்ப வழியில்லை. மற்ற குதிரை எத்தனைக்கோ மூச்சு விடாமல் இறக்கியிருக்கிறாள். இது அத்தையாயிற்றே.

ஆனால் முதலாளியம்மா ஊரிலிருந்து வந்ததும் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை. "அண்ணன் நாளைக்கு மறுநாள் வண்டி அனுப்புறாரு. இதுக்கு மேல காத்திருக்க முடியாதுன்னுட்டாரு. இன்னொரு லாயத்துலேர்ந்து ஒரு குதிரைக்கு அந்த இடத்தைக் கேட்டுட்டே இருக்காங்களாம். உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். தப்பா நினைக்க மாட்டேன்."

"இல்லம்மா, நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அன்று சாயங்காலமே உலையை மூட்டி மறுபடி நாலு லாடம் செய்ய ஆரம்பித்தாள். கை தானாகச் செய்தது.

வீட்டுக்காரர் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றார். "எப்ப வந்தீங்க?" என்றவளுக்குப் பதில் சொல்லாமல் பட்டறைக்கல் மேல் இருந்த லாடத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "பசிக்குது, வா" என்றார்.

சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் அவளுடைய வேலைப்பை கிடந்தது. போன தடவை அத்தையின் காலிலிருந்து கழற்றிய தேய்ந்த லாடங்கள் அதில் இருந்தன. பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். கதவுக்குப் பக்கத்தில் வீட்டுச் சாவிகள் மாட்டும் லாடம் ஒன்று உண்டு. அவள் வாழ்க்கையில் முதன்முதலாக அடித்த லாடம், அன்று நொண்டி வந்த அத்தையின் முன்னங்காலுக்குச் செய்து, தேய்ந்ததும் கழட்டிக் கொண்டுவந்து மாட்டியது. சாவிகளை எடுத்து வைத்துவிட்டு அதைக் கொண்டுவந்தார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். விளிம்போடு விளிம்பு ஒட்டி உட்கார்ந்தது.

"அடேயப்பா!" என்றார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். "உன் கை கையே இல்லம்மா, அச்சு! இருபது வருஷமாச்சு, ஒரு நூல் மாறலையே!"

"அத்தை காலுக்கு நான் அளவே எடுக்கறதில்ல" என்றாள் அவள். அதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை. "கைக்கே தெரியும்."

"அதான் பாக்கறேனே." அவர் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைக்காரர் புத்தி மெல்ல விழித்துக்கொண்டது. "ஏம்மா, ஆனா குதிரைக்குக் கால் பெருக்காதா? எனக்கே கல்யாணத்தப்ப ஆறாம் நம்பர், இப்ப ஏழு. உடம்பு கனமானா கால் அகலமாயிடும். எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் காலுக்குச் செருப்பு வாங்கறதே இல்ல, பழைய நம்பருக்கு வாங்கறாங்க. 'நான் எப்பவுமே அஞ்சுதான்'னு அடம் பிடிப்பாங்க. நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டாங்க. போட்டுக்கிட்டு நொண்டி நொண்டிப் போவாங்க, அப்புறம் வயசாயிடுச்சு, கால் வலின்னு..."

அவர் பேச்சை நிறுத்தினார். எதிரே இருந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

லாடக்காரம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச வருஷமாகவே லாடம் அடிப்பதற்கு முன்னால் அத்தையின் குளம்பு ஓரத்தை அரத்தால் கொஞ்சம் கூடுதலாக ராவ வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம் பரப்பிக்கொள்கிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் பிதுங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ராவுவாள். மற்ற லாடக்காரர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். 'லாடத்துக்கு ஏத்த மாதிரி காலைச் செதுக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா' என்று கேட்டிருக்கிறாள். வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் அளவு எடுத்திருப்பாள். அளவு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அத்தைக்கு மட்டும் எடுக்கவில்லை, ஏனென்றால் அத்தை அவளுடையவள்.

"வயசு இல்லங்க" என்றாள். "நான்தான். நான்தான் அவங்களை நொண்ட வச்சிருக்கேன்."

அவர் அதிர்ந்துபோனார். ஏதோ பேச்சுக்குச் சொன்னது இப்படி விழும் என்று அவர் நினைக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தார், அப்படி இருக்காது, டாக்டருக்குத் தெரியாததா என்று. ஆனால் தொழில் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் அந்தச் சமாதானம் எடுபடாது. அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். சாப்பாடு ஆறிப்போனது.

விடிந்ததும் கிளம்பினாள். அவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஷூவை மாட்டினார்.

"நீங்க எதுக்கு?"

"நாங்களும் காலைப் பாத்துத்தான் சம்பளம் வாங்குறோம். பையைக் காட்டு."

பையை வாங்கி, சுங்க அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இடுக்கி, சுத்தியல், மடிப்பு நிமிர்த்தும் உளி, அரம், தோல் அங்கி. புது லாடம் எதுவும் இல்லை. இருக்காது என்று அவருக்கும் தெரியும். முந்தின சாயங்காலம் செய்தவை பட்டறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தன.

லாயத்தின் முற்றம் கல் பாவியது. ஒரு பக்கம் வைக்கோல் கட்டுகள், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் குதிரையைக் கட்டும் கம்பம். லாயக்காரர் அத்தையைக் கொண்டுவந்தார். டக், டக், டக், டொக். அந்தச் சத்தம் கல்லில் பட்டு எழும்புவதை லாடக்காரம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியம்மாவும் வந்து நின்றார்.

"அத்தே, காலைக் கொடுங்க."

அத்தை இடது முன்னங்காலைக் கொடுத்தது. முழங்கால்களுக்கு நடுவில் வாங்கிக்கொண்டாள். அவசரக்காரர்கள் இடுக்கியைக் குதிகால் பக்கம் கொடுத்து நெம்பி லாடத்தை ஒரே இழுப்பில் பிடுங்குவார்கள். இவள் அன்று அப்படிச் செய்யவில்லை. குளம்பின் வெளிப்பக்கம் மடங்கியிருந்த ஆணி முனைகளை ஒவ்வொன்றாக உளி வைத்து நிமிர்த்தினாள். பிறகு ஒவ்வொரு ஆணியாகக் கவ்வி உருவினாள். கடைசி ஆணி வந்ததும் லாடம் தானாகவே அவள் உள்ளங்கையில் விழுந்தது. அது இருந்த இடத்தில், குளம்பின் பின்பக்கம் எவ்வளவு ஒடுங்கிப்போயிருக்கிறது என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இருபது வருஷமாகப் பார்த்த கால். நேற்று வரை தெரியவில்லை.

"முதலாளியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள், நிமிராமல். "டாக்டர் வயசுன்னு சொன்னாரே, அது வயசு இல்ல. நான் அளவு எடுக்காம பழைய அளவுலேயே அடிச்சுட்டே இருந்திருக்கேன். சின்ன லாடம். அதுதான் காலை நெருக்கியிருக்கு."

முதலாளியம்மாவுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். திரும்பி வந்து அத்தையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அத்தைக்குத் தெரியும்ல" என்றாள் லாடக்காரம்மா.

"காலை விரிய விடுங்க. சரியாகுமா?"

"நாளாகும். ஆனா ஆகும்."

"அங்கே போனாலும் குளம்பு வளர்ந்துட்டேதான் இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஓரம் சீவி விட யார் போவா?" கோபம் இன்னும் முழுசாகத் தணியாத குரலில் அவரே பதிலையும் சொன்னார். "நீங்கதான் போகணும். அரத்தைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"சரிம்மா."

அடுத்த காலைத் தூக்கினாள். பின் மூன்றாவது, பின் நாலாவது, அந்த டொக் போடும் கால். அதன் லாடம் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஓரங்கள் உடையாமல் இருக்க நாலு குளம்பையும் அரத்தால் சுற்றி மழுக்கிவிட்டாள். கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னாள். "இறக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. சொன்னாள். சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

அத்தை ஒரு காலைத் தூக்கிப் பார்த்தது, வைத்தது. எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தது. லாடக்காரம்மா அதற்கு மேல் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். கீழே சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்க வேண்டும். முற்றத்தில் ஒரு ஆணி தங்கிவிட்டாலும் ஏதாவது ஒரு குதிரையின் காலில் ஏறிவிடும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் இடுக்குகளில் விரலை விட்டுப் பொறுக்கினாள். கண்ணில் நீர் முட்டி ஆணி எது, வைக்கோல் துண்டு எது என்று தெரியவில்லை. வாசலுக்கு அவளை அழைத்த அந்த நடை இனி தெருவில் வராது. பட்டறையில் சுத்தியலைக் கீழே வைக்க ஒரு காரணமும் இனி இருக்காது. அத்தை இப்போது நடக்கிறதா, நிற்கிறதா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று காதைத் தீட்டிக் கேட்டாள். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "எப்ப வந்தீங்க?"

சுவரோரம் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "நான் இங்கேயேதானே இருக்கேன்" என்று வாயைத் திறந்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அத்தை அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கல் தரையில் முழுசாக ஊன்றி நின்றது.